சுற்றுப்பலகையில் இருபதாம் தேதி

கடல்நீரின் சூடு இருபத்து மூன்று பாகைக்கு இறங்கிவிட்டது. ஆதலால் உண்ணும் கடற்பாசியின் வித்தை வலைகளில் கட்டும் நாள் அக்டோபர் இருபத்தொன்று எனக் கூட்டுறவுச் சங்கம் அறிவித்தது. அறிவிப்பு வந்த பிற்பகலில், அரியாக்கே விரிகுடாவின் வடகரையிலிருந்த அந்தச் சிற்றூரில் எவரும் எவரோடும் நின்று பேசவில்லை. செப்டம்பரிலேயே சேற்றில் ஊன்றப்பட்ட கம்புகள் ஆயிரக்கணக்கில் கடலுக்குள் காத்து நின்றன. வலைகளை முப்பது முப்பதாக அடுக்கிக் கம்புகளில் கட்ட வேண்டும். பாசியின் வித்து ஒளிந்திருக்கும் சிப்பி ஓடுகளைச் சிறு பைகளிலிட்டு வலைகளின் அடியில் தொங்கவிட வேண்டும். நாள் தவறினால் அந்தக் குளிர்காலம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

நமியே தன் கொட்டகையில் தலைகீழாகக் கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்து, சிப்பிப் பைகளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்து நான்கு ஆண்டுகளாக இதே முடிச்சு. அவள் விரல்கள் வேலையைப் பார்க்க, கண்கள் வாசலைப் பார்த்தன. மேற்குப் பக்கத்து ஹிரோசே வீட்டுக்காரி முழங்கால்வரை ரப்பர் காலணியோடு விரைந்து வந்தாள்.

"நமியே, பலகை! இங்க வச்சுட்டுப் போறேன். கையெல்லாம் சேறு, நான் படிக்கக்கூட இல்ல."

"யாரு படிச்சா? முத்திரையைக் குத்துனா சரி."

"அப்படிச் சொல்லாத. கோகா அண்ணன் வழியில மறிச்சு, என்ன போட்டிருந்துச்சு, ஒப்பி பாக்கலாம்பாரு."

"நாளைக்கு வித்து கட்டுறவகிட்ட ஒப்பிக்கச் சொன்னா அவரையும் சேத்துப் பைக்குள்ள வச்சுக் கட்டிருவேன்னு சொல்லு."

ஹிரோசே வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஓடினாள். அட்டைப் பலகை ஒன்று, அதன் தலையில் இரும்புக் கவ்வி, கவ்வியில் நான்கைந்து தாள்கள். அவர்களுடைய குழுவின் ஒன்பது வீடுகளையும் மாதம் இருமுறை சுற்றி வருவது அது. கடைசித் தாளில் ஒன்பது கட்டங்கள் இருக்கும். படித்தவர் தம் கட்டத்தில் பெயர் முத்திரையைப் பதித்து, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் நாளையும் எழுத வேண்டும். நமியேயின் வீடு நான்காவது. ஐந்தாவது வீடு மசுயோவினுடையது.

ஊர்மன்றத்தின் இலையுதிர்கால நிகழ்ச்சிப் பட்டியல் அம்முறை வந்திருந்தது. எலும்பு வலிமை குறித்து ஒரு மருத்துவரின் உரை, சேற்றுவெளிப் பறவைகளைப் பற்றி ஒரு பாடம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தூரிகை எழுத்துக் காட்சி, சாமந்திப்பூத் தொட்டிகள், நவம்பர் பதினைந்து, பதினாறாம் நாள்களில் ஊர்மன்ற விழா. அடியில் ஒரு வெட்டுக்கோடு, அதன் கீழே ஒரு சீட்டு. விழா மேடையில் பங்குபெற விரும்பும் குழுக்கள் அதைக் கிழித்து நிரப்பி, இருபத்தைந்தாம் தேதிக்குள் குழுத் தலைவரான கோகா அண்ணனிடம் சேர்ப்பிக்க வேண்டும். நமியே இவற்றையெல்லாம் அன்று படிக்கவில்லை. பலகையை வாங்கிப் பக்கத்துப் பெட்டியின்மேல் வைத்தாள். கணவன் இசாவோ வலைமூட்டையைத் தூக்கி வந்து அதே பெட்டியின்மேல் இறக்கினான். அதற்கும் மேலே இன்னொரு மூட்டை ஏறியது.

மறுநாள் விடியுமுன் ஊரின் படகுகள் அனைத்தும் வெளிக்கிளம்பின. நமியேயும் இசாவோவும் படகிலேயே உப்பிட்ட ஆலுபுக்காராக் காய் வைத்த சோற்றுருண்டைகளைத் தின்றார்கள். முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தார்கள். வலையோடு வலையாக ஐந்து நாள் கிடந்தார்கள். மூன்றாம் நாளான வியாழக்கிழமை கடற்காற்றோடு மழை கொட்டியது. அன்று மாலை நனைந்து திரும்பிய நமியே, மசுயோவின் வெங்காயக் கொட்டகையிலிருந்து ஆறு மவுத் ஆர்கன்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டாள். ஓராண்டாக வியாழன்தோறும் கேட்கும் ஒலிதான். தொடக்கத்தில் ஆறும் ஆறு திசையில் போகும். அன்று ஒன்றாக நடந்தன. "நல்லா வந்திருச்சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நமியே குளிக்கச் சென்றாள். பலகையின் நினைவு அப்போதும் அவளுக்கு வரவில்லை.

மசுயோவும் வந்து கேட்கவில்லை. வித்து கட்டும் வாரத்தில் வித்து கட்டும் வீட்டாரிடம் எதையும் கேட்பதில்லை என்பது அவ்வூரின் மரியாதை.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இசாவோ வலையிலிருந்து ஒரு நூல் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போயிருந்தான். நூலில் வித்து ஒட்டியிருக்கிறதா என்று அங்கே நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்வார்கள். நமியே கொட்டகையைப் பெருக்கினாள். காலி மூட்டையை இழுத்தபோது பலகை தரையில் விழுந்தது.

அவள் முதலில் அந்தச் சீட்டைத்தான் பார்த்தாள். இருபத்தைந்து என்ற எண்ணையும் பார்த்தாள். மசுயோவின் குழு ஓராண்டாக ஊதிப் பழகியது அந்த மேடைக்காகத்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். உடனே ஓடிப்போய், "அக்கா, மறந்தே போச்சு, மன்னிச்சிருங்க" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். கோகா அண்ணன் ஊர்மன்றத்துக்கு ஒரு சொல் சொல்லியிருப்பார், நடந்திருந்தாலும் நடந்திருக்கும். அவள் செய்தது யாதெனில், வீட்டுக்குள் போய் முத்திரையை எடுத்து வந்து தன் கட்டத்தில் பதித்தாள். பேனாவை எடுத்தாள். ஒருநாள் முன்பின்னாகத் தேதி எழுதுவது ஒன்பது வீட்டிலும் உள்ள பழக்கமே. ஹிரோசே வீட்டுக்காரி இருபது என்று எழுதியிருந்தாள். அதன் பக்கத்தில் நமியேயும் இருபது என்று எழுதினாள்.

பொழுது சாயும் வேளையில் பலகையை எடுத்துக்கொண்டு மசுயோவின் முன்வாசலுக்கு வந்தாள். உள்ளே தொலைக்காட்சி ஓடியது. நமியே சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே வெங்காய நாற்றுக் கூடை ஒன்று இருந்தது. பலகையை அதன்மேல் வைக்காமல், அதன் பின்புறம் சுவரில் சாய்த்து வைத்தாள். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். அன்று இலை அசையும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை.

மறுநாட்காலை நமியே அரிசி களைந்துகொண்டிருந்தபோது மசுயோ வந்தாள். எழுபத்தொரு வயதிலும் நிமிர்ந்து நடப்பவள். கணவன் இறந்து ஒன்பது ஆண்டுகளாகத் தனியே வெங்காயம் பயிரிட்டு, குட்டி லாரியில் ஏற்றிச் சந்தையில் இறக்குபவள். அன்று அவள் தலையில் கட்டும் துணியைக் கையில் பிசைந்தபடி நின்றாள்.

"நமியே, உன் முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு."

நமியேயின் கை தண்ணீருக்குள் நின்றது.

"என்னக்கா?"

"நீ வித்து கட்டுறதுக்கு முந்தின நாள், அத்தனை வேலையிலயும், பலகையை அன்னைக்கே கொண்டாந்து வச்சிருக்கே. நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். ஏழு நாள்! நாத்துக் கூடைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருக்கு. அந்தக் கூடையைத் தாண்டி ஒரு நாளைக்குப் பத்துவாட்டி போறேன், வர்றேன்."

"அது... கூடைக்குப் பின்னாடி இருந்தா எப்படித் தெரியும்?"

"கண்ணுல பட்டிருக்கும்டி. புத்தியிலதான் படல. மவுத் ஆர்கன் சீட்டு எப்ப வரும், எப்ப வரும்னு நானேதான் காத்துக்கிட்டு இருந்தேன். கோகா சோம்பேறி, பலகையை விடாம வச்சிருக்கான்னு மனசுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டும் இருந்தேன். பாவம் அவன்."

"யாருக்கும் மறதி வரும்கா."

"எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள் மசுயோ. "சட்டியை அடுப்புல வச்சுட்டுச் சட்டியைத் தேடுவா. சரி, நீ வேலையைப் பாரு. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன்."

மடித்த தாளில் நான்கு சீமைப்பனிச்சம் பழங்களை வைத்துவிட்டுப் போனாள். நமியே களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள். அதற்குப் பின்னும் ஒருமுறை களைந்தாள்.

அன்றே மசுயோ குட்டி லாரியில் ஊர்மன்றத்துக்குப் போய்க் கேட்டாள். மேடை நேரம் முழுவதும் பங்கிட்டாகிவிட்டது, நிகழ்ச்சி நிரலும் அச்சுக்குப் போய்விட்டது என்று அங்கிருந்த பெண் தலைதாழ்த்தித் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாளாம். அடுத்த ஆண்டு அவசியம் வாருங்கள் என்றாளாம்.

நவம்பர் முதல் ஞாயிறன்று குழுவினர் ஒன்பது வீட்டாரும் கால்வாய்க் களையை எடுத்தார்கள். வாய்க்காலில் நீரை இறக்கி, ஆளுக்கொரு கொக்கிக் கழியால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டார்கள். கோகா அண்ணன் ஓய்வுபெற்ற தபால்காரர். அவ்வாண்டு குழுத் தலைவர் பொறுப்பு அவர் முறை. களை எடுப்பதைவிட அவர் பேசியது அதிகம்.

"பலகை இந்தத் தடவை பதினோரு நாள் சுத்தியிருக்கு, தெரியுமா? ஒன்பது வீட்டுக்குப் பதினோரு நாள். முப்பத்தெட்டு வருஷம் தபால் போட்டவன் நான். இதே வேகத்துல போட்டிருந்தா கல்யாணப் பத்திரிகையும் பிள்ளை பிறந்த சேதியும் ஒண்ணாத்தான் போய்ச் சேந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மசுயோ குனிந்து களையை இழுத்தாள்.

"நான் யாரையும் குறை சொல்லல" என்றார் கோகா, குறை சொல்லிவிட்டவரின் அவசரத்தோடு. "நமியேயைப் பாருங்க, அதைச் சொல்ல வர்றேன். மறுநாள் வித்து கட்டணும். வந்த அன்னைக்கே முத்திரை, அன்னைக்கே அடுத்த வீடு. தலைவர் நானே ஒருநாள் வச்சிருந்துதான் குடுத்தேன். கத்துக்கணும்."

"விடுங்கண்ணே" என்றாள் நமியே.

"பாத்தீங்களா, புகழ்ந்தாலும் பிடிக்காது. அந்த மனசு!"

நமியே கொக்கியை வேகமாக வீசினாள். வேர் அறாமல் களை அவள்மேல் வந்து விழுந்தது. அருகில் நின்ற ஷிமாகோ அதைத் துடைத்துவிட்டாள். மவுத் ஆர்கன் குழு அறுவரில் அவளும் ஒருத்தி. ஊர்ச் செய்தி எதுவும் அவளைத் தாண்டிப் போவதில்லை.

"நாங்க அஞ்சு பேரும் பேசி வச்சிருக்கோம்" என்று அவள் நமியேயின் காதோடு சொன்னாள். "மசுயோ அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு. ஓராண்டு ஊதுனோம், சரி, போகட்டும். வயசாகுது, பாவம். அடுத்த வருஷம் சீட்டு எழுதுற பொறுப்பை நான் எடுத்துக்குறேன்னு மெதுவா சொல்லிட்டேன். அதுக்கே அவங்க முகம் எப்படி ஆச்சு தெரியுமா?"

"எப்படி?"

"நன்றின்னாங்க. மசுயோ அக்கா என்னைக்குடி சண்டை போடாம நன்றி சொல்லியிருக்காங்க?"

அன்றிரவு உணவுக்கு இசாவோ சேற்றுமீனை இனிப்புச் சாற்றில் வேகவைத்திருந்தான். நூலில் வித்து நன்றாக ஒட்டியிருக்கிறது என்று சங்கத்தில் சொன்னதிலிருந்து அவன் மகிழ்ச்சியாக இருந்தான். நமியே மீனின் முள்ளைக் கூடப் பிரிக்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன, ஊரே புகழ்ந்த மகராசிக்குச் சோறு இறங்கலியா?" என்றான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூடைக்குப் பின்னால் சாய்த்ததையும் விடாமல் சொன்னாள்.

இசாவோ சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தான். "மூட்டையை அதுமேல இறக்குனது நான்தானே" என்றான்.

"மூட்டை இறக்குனது நீங்க. தேதி எழுதுனது நான்."

"இப்ப போய்ச் சொன்னா மேடை கிடைச்சிருமா? நிரல் அச்சாயிருச்சு."

"மேடை கிடைக்காது."

"அப்புறம்? முதல் அறுவடை வரப்போகுது. அந்த நேரத்துல ஒன்பது வீட்டு வாயிலயும் நம்ம பேரு அரைபடணுமா? அறுவடை முடியட்டும். பக்குவமா, சிரிச்சுக்கிட்டே சொல்லிருவோம். மசுயோ அக்காவும் சிரிச்சிருவாங்க."

நமியே அதை ஏற்றாள். ஏற்றுக்கொள்ள எளிதாக இருந்ததே தன் குற்றத்தின் இரண்டாவது பாதி என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லை அவன் மாற்றி வைத்தான், கல் இறங்கவில்லை.

நாலாம் நாள் அவள் மசுயோவுக்கு முள்ளங்கி கொண்டு போனாள். சமையலறைச் சுவரெங்கும் மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன. கேஸ் அணைத்தாயா. பின்வாசல் பார்த்தாயா. இன்று என்ன கிழமை. சொன்னது யார், சொன்னதை எழுதினாயா. பெரிய, கவனமான எழுத்துகள்.

"இதெல்லாம் எதுக்குக்கா?"

"மக வந்து கூட்டிக்கிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டுனா. நல்லாத்தான் இருக்கீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாரு."

"பின்ன என்ன!"

"அவரு என்ன கேட்டாரு தெரியுமா? இன்னைக்கு என்ன தேதி, இது என்ன காலம், நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிங்க. வெங்காயம் விக்கிறவளுக்குக் கழிக்கத் தெரியாதா? பின்வாசல் பலகையைப் பத்தி அவரு கேக்கல. கண்ணு முன்னாடி இருக்குறது ஏழு நாளாத் தெரியலன்னா, அதை எந்தக் கணக்குல கண்டுபிடிப்பாரு?"

நமியே வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் மசுயோ அடுப்பருகே போய், அணைந்திருந்த கேஸ் திருகை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் இன்னொரு முறை தொட்டாள். நமியேயின் வாய் மூடிக்கொண்டது.

"திங்கக்கிழமை லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கப் போறேன்" என்றாள் மசுயோ.

"என்னது?"

"பலகை தெரியாத கண்ணுக்குத் தெருவுல பள்ளிக்கூடப் பிள்ளை தெரியுமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் அழுது என்ன பண்ண?"

"லாரி இல்லாம வெங்காயம்?"

"நாத்தை ஷிமாகோ வீட்டுக்காரன் கேட்டான், குடுத்துட்டேன். இந்த வருஷம் நடல. மக தன்கூட வந்து இருக்கச் சொல்றா. மாடியில, ஏழாவது தளம்." அவள் சிரிக்க முயன்றாள். "உன்கிட்ட ஒரு உதவி வேணும் நமியே. போலீஸ் நிலையம் வரைக்கும் நான் ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். குடுத்தப்புறம் ஓட்டக் கூடாதே. திரும்பி வரும்போது லாரியை ஓட்ட ஒரு ஆள் வேணும். நீ கூட வர்றியா? நம்பிக்கையான ஆளா யோசிச்சேன். உன் நினைப்புத்தான் வந்துச்சு."

"வர்றேன்கா" என்றாள் நமியே.

ஞாயிறு முழுவதும், பாசி வலுப்பெறுவதற்காக, வலைகளைக் கம்புகளில் ஏற்றி இறக்கிக் காயவிட்டுக்கொண்டிருந்தார்கள். இசாவோவிடம், "நாளைக்குச் சொல்லப்போறேன்" என்றாள். அவன் வலையை உதறி முடித்தான். பிறகு, "நானும் வரட்டுமா?" என்றான். "லாரியில ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்று அவள் விடையளித்தாள்.

திங்கட்கிழமை காலை, வரப்பே இல்லாததுபோல் விரிந்துகிடந்த கடலிலிருந்து மீட்ட நிலத்து வயல்களின் நடுவே நேர்கோடாகச் செல்லும் சாலையில் குட்டி லாரி மெல்ல ஓடியது. மசுயோ நல்ல உடை உடுத்தியிருந்தாள். இரு கைகளாலும் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் நின்று, இடமும் வலமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இருபுறமும் அயலார் நிலங்களில் வெங்காய நாற்று நடவு தொடங்கியிருந்தது.

"அக்கா, பலகை உங்க பின்வாசல்ல ஏழு நாள் இருக்கல" என்றாள் நமியே. "என் கொட்டகையில இருந்துச்சு. மூட்டைக்கு அடியில. இருபத்தாறாம் தேதி சாயங்காலம்தான் கொண்டுவந்து வச்சேன்."

 மசுயோவின் முகம் இளகியது.

"நீ இருக்கியே நமியே" என்றாள் பரிவாக. "இப்படி ஏதாச்சும் சொல்லுவேன்னு நெனச்சேன். நேத்து ஷிமாகோவும் வந்து, எனக்கும் மறதிதான், நான்கூடப் பல்செட்டைக் குளிர்பெட்டியில வச்சேன்னா. நல்ல மனசுதான். ஆனா எனக்காகப் பொய் சொல்லாத."

"பொய் இல்லக்கா."

"முத்திரை இருக்கு, தேதி இருக்கு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"தேதிதான் பொய். நான் பொய்யா எழுதினேன்."

"போதும்டி. எனக்கு அழுகை வந்தா ஓட்ட முடியாது."

தன் குற்றம் இன்னொருமுறை நற்குணமாக மாறிப் போவதை நமியே கண்டாள். அப்படியே விட்டுவிடலாம், சொல்லியாயிற்று, அவள் நம்பவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று ஆயுள் முழுதும் இருந்துவிடலாம். அந்த வழி அத்தனை அகலமாகத் திறந்து கிடந்தது.

"வியாழக்கிழமை மழை பெஞ்சுதே, நினைவிருக்கா?" என்றாள். "நீங்க ஆறு பேரும் உள்ள ஊதிக்கிட்டு இருந்தீங்க. கடல் பக்கத்து மழை, நேரா உங்க பின்வாசல்லதான் அடிக்கும். அங்க கூரை இல்ல. பலகை அங்க இருந்திருந்தா தாள் என்ன ஆகியிருக்கும்?"

மசுயோ வேகமிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"தாள் நனைஞ்சிருந்துச்சாக்கா? முத்திரை மை கலைஞ்சிருந்துச்சா?"

லாரி வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்கி, ஒரு நீர்ப்பாசனக் குழாயின் அருகே நின்றது. மசுயோ இயந்திரத்தை அணைத்தாள், கைத்தடையை இழுத்தாள். எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள்.

"மொடமொடன்னு இருந்துச்சு" என்றாள். "புதுத் தாள் மாதிரி. நான்கூட நெனச்சேன், பரவால்ல, காஞ்சிருக்குன்னு."

"காயல. நனையவே இல்ல."

"கூடைக்குப் பின்னாடி ஏன் வச்சே?"

நமியே இந்தக் கேள்விக்காகவே அஞ்சியிருந்தாள். "நீங்க பாக்காம விட்டதா தெரியணும்னு."

வயலில் நாற்று நடும் இயந்திரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பும் வரை மசுயோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு நாள்" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "பதினாலு நாளா நான் என் தலையை நானே வேவு பாத்துக்கிட்டு இருக்கேன். ராத்திரி கண்ணை மூடுனா எங்கம்மா வந்து நிக்குறா. கண்ணாடியில என் முகத்தைப் பாத்து, நீ யாரு, பேரு சொல்லுன்னு கேட்டேன்டி நான். அப்ப நீ முள்ளங்கி கொண்டுவந்து குடுத்தே."

"ஆமாக்கா."

"வாங்கி வச்சுக்கிட்டு, பாவம் நல்ல பொண்ணுன்னு மககிட்டச் சொன்னேன்."

"மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு..."

"கேக்காத. கேட்டா நான் பரவால்லன்னு சொல்லணும். எழுபது வருஷப் பழக்கம், வாய் தானா சொல்லிரும். பரவால்ல இல்ல நமியே. இறங்கு."

நமியே இறங்கினாள். கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். மசுயோ இயந்திரத்தைக் கிளப்பினாள். முன்னும் பின்னுமாக மூன்றே அசைவில், அந்தக் குறுகிய சாலையில், சக்கரம் ஒன்றுகூட வாய்க்கால் ஓரத்தை உரசாமல் லாரியை முழுதாகத் திருப்பினாள். சன்னலை இறக்கினாள்.

"எம் மககிட்ட நான் சொல்லிக்குறேன். மத்தவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல."

லாரி ஊரை நோக்கிப் போயிற்று. நமியே ஒருபோதும் கண்டிராத வேகத்தில் போயிற்று.

ஊருக்கு ஆறு கிலோமீட்டர். மரமற்ற சாலை. அந்தப் பக்கத்தில் எவரும் நடந்து போவதில்லை. நடப்பவரைக் கண்டால், ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பொருள். நமியே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். குளிர்காற்று கடலிலிருந்து எதிர்த்து வீசியது. இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்பாள். ஊர்ப்பக்கமிருந்து எதிரே வந்த மோட்டார் மிதிவண்டி அவளைக் கடந்து போய், வட்டமடித்துத் திரும்பி வந்தது. கோகா அண்ணன்.

"என்ன நமியே, நடந்து வர்றே! மசுயோ ஊர் முனையில எதிர்ல பறந்து போனா, கையைக் காட்டுனேன், திரும்பிக்கூடப் பாக்கல. சண்டையா?"

"என்னை இறக்கி விட்டுட்டாங்க."

"எதுக்கு?"

"பலகையை ஆறு நாள் வச்சிருந்தது நான். மசுயோ அக்கா இல்ல. அவங்களுக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கோகா சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீ இருபதுன்னுல்ல எழுதியிருந்தே?"

"எழுதினேன்."

அவர் வண்டியை அணைத்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் மாட்டினார். "எல்லார் முன்னாடியும் உன்னைப் புகழ்ந்தேனேம்மா நான்."

"ஆமாண்ணே. அப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"சரி, ஏறு. வீட்டுல விடுறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"இல்லண்ணே. நடந்தே வர்றேன்."

"அதுவும் சரிதான்" என்றார் கோகா. போகப் புறப்பட்டவர் காலை ஊன்றி நின்றார். "நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் சொன்னா வம்பாயிரும். நீ சொன்னாத்தான் அது சேதி."

அவர் போன பின் சாலை வெறுமையாயிற்று. சற்று நேரத்தில் எதிரே ஒரு வெள்ளை வண்டி வந்தது. அவளைக் கண்டதும் வேகம் குறைந்து, அருகில் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஷிமாகோ தலையை வெளியே நீட்டினாள். பின் இருக்கையில் மவுத் ஆர்கன் குழுவின் இன்னும் இரு பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"என்னடி இது கோலம்? எங்கேருந்து நடந்து வர்றே? யாருக்கு என்ன ஆச்சு?"

நமியே சன்னலருகே சென்றாள். மூன்று பேரும் கேட்கும்படியாக, வித்து கட்டுவதற்கு முந்தின நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.